சிறு நிறுவன நெட்வொர்க்கில் இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர்: முழுமையான வழிகாட்டி

இருபது, முப்பது கணினிகள் உள்ள அலுவலகங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு விண்டோஸ் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலராக, அதாவது எல்லோருடைய கணக்குகளையும் வைத்திருந்து லாகினைச் சரிபார்க்கும் சர்வராக, எல்லாப் பொறுப்பையும் சுமக்கிறது. அது படுத்துவிட்டால் லாகின் ஆகாது. பெயர்களுக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் பதில் தராததால் இணையமும் வராது. இதற்காகவே இரண்டாவது சர்வர் வாங்கி வைத்த அலுவலகங்களிலும், முதல் சர்வர் நின்ற அன்று வேலை நிற்பதைப் பார்க்கிறேன். இரண்டாவது சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே எந்தக் கணினிக்கும் தெரியாது.

காரணம், புதிதாகச் செய்பவர்கள் டொமைன் கன்ட்ரோலராக ப்ரமோட் செய்யும், அதாவது உயர்த்தும், விசார்டு முடிந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். விசார்டு ஒரு சிறு பகுதிதான். அதற்கு முன் பழைய சர்வரைச் சரிபார்ப்பது, பிறகு டிஎன்எஸ், கணினிகளுக்கு ஐபி முகவரி தரும் டிஎச்சிபி இரண்டையும் திருத்துவது, கடைசியில் பழையதை அணைத்துப் பார்ப்பது ஆகிய மூன்றில்தான் உழைப்பு இருக்கிறது.

கீழே உள்ள படிகளுக்கு ஓர் உதாரண அமைப்பு: பழைய சர்வர் விண்டோஸ் சர்வர் 2016, முகவரி 192.168.1.10. புதியது விண்டோஸ் சர்வர் 2022, முகவரி 192.168.1.11. இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன.

1. இது எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது

இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர் நகலெடுப்பது பயனர் கணக்குகள், பாஸ்வேர்டுகள், குரூப் பாலிசி (எல்லாக் கணினிகளுக்குமான பொது விதிகள்), டொமைனோடு சேர்ந்த டிஎன்எஸ் பதிவுகள் ஆகியவற்றை மட்டுமே. பழைய சர்வரில் உள்ள ஷேர் ஃபோல்டர்களும் டேலி டேட்டாவும் தானாகப் புதியதுக்கு வந்துவிடாது. முதலாளியிடம் இதை வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சர்வர் நின்ற நாளில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இது பேக்கப்பும் ஆகாது. ஒரு பயனர் கணக்கைத் தவறுதலாக அழித்தால், அந்த அழிப்பும் சில நொடிகளில் மற்ற சர்வருக்குப் போய்ச் சேரும். இந்தக் கணக்குகள் இருக்கும் தரவுத்தளமான ஆக்டிவ் டைரக்டரியில் ரீசைக்கிள் பின் வசதியை இயக்கி வைத்தால் அப்படி அழிந்த கணக்கைப் பிறகு மீட்கலாம். ஒருமுறை இயக்கினால் அதை நிறுத்த முடியாது என்றாலும், சிறு அலுவலகத்தில் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் லைசென்ஸ். மைக்ரோசாஃப்ட் தரும் 180 நாள் சோதனைப் பதிப்பில் தொடங்கி, பிறகு கீ வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். டொமைன் கன்ட்ரோலராக ஆகிவிட்ட சர்வரில் சோதனைப் பதிப்பை முழுப் பதிப்பாக மாற்ற முடியாது. முதலில் அதை டிமோட் செய்து அந்தப் பொறுப்பிலிருந்து இறக்கியாக வேண்டும். ஆகவே முறையான பதிப்பை நிறுவிவிட்டே தொடங்குங்கள்.

அடுத்து கால் (CAL) லைசென்ஸ், அதாவது சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு பயனருக்கோ கருவிக்கோ வாங்குவது. அது சர்வரின் பதிப்புக்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும். 2016க்கு வாங்கிய கால், 2022 சர்வருக்குச் செல்லாது. விலை கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டு சர்வர்களும் வர்ச்சுவல் மெஷினாக ஒரே இயந்திரத்தில் ஓடினால் இந்த முயற்சியே வீண். அந்த இயந்திரத்தின் பவர் சப்ளை போனால் இரண்டும் சேர்ந்து போகும். தனி இயந்திரமும் தனி யுபிஎஸ்ஸும் வேண்டும்.

டொமைன் அட்மின் கணக்கின் பாஸ்வேர்டும் தேவை. புதிய சர்வரின் பதிப்பு பழையதைவிடப் புதியது என்றால் டொமைனின் ஸ்கீமாவும், அதாவது அந்தத் தரவுத்தளத்தின் கட்டமைப்பும், மேம்படும். அதற்கு நீங்கள் பயன்படுத்தும் கணக்கு என்டர்பிரைஸ் அட்மின்ஸ், ஸ்கீமா அட்மின்ஸ் ஆகிய இரு குழுக்களிலும் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்தக் குழுக்களிலிருந்து கணக்கை எடுத்துவிடுங்கள்.

3. பழைய சர்வரை முதலில் பரிசோதியுங்கள்

எல்லோரும் தாவிச் செல்லும் படி இதுதான். ஒரே சர்வர் இருக்கும்வரை அதில் உள்ள பல கோளாறுகள் வெளியே தெரியாது. நகல் எடுக்க ஒரு கூட்டாளி வந்த பிறகே அவை தலைகாட்டும். அப்போது பிழை பழையதிலா புதியதிலா என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

பழைய சர்வரில் கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து டொமைன் கன்ட்ரோலரைச் சோதிக்கும் டிசிடயாக் (dcdiag) கட்டளையை ஓட்டுங்கள். 'சிஸ்டம்லாக்' என்ற சோதனை மட்டும் தோற்றால் பயப்பட வேண்டாம். பிரிண்டர் டிரைவர் பிழை போன்ற சம்பந்தமில்லாத நிகழ்வுக்கும் அது தோற்கும். 'அட்வர்டைஸிங்', 'நெட்லாகான்ஸ்', 'சர்வீசஸ்' போன்றவை தோற்றால் அவற்றைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாவதாக, எப்போதோ இருந்து செத்துப்போன சர்வர்களின் பெயர்கள் இன்னும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸில் டொமைன் கன்ட்ரோலர்ஸ் பகுதியையும், சைட்ஸ் அண்ட் சர்வீசஸையும் திறங்கள். இல்லாத சர்வரின் பெயர் இருந்தால் அங்கிருந்து அழித்துவிடுங்கள். விட்டுவைத்தால் புதிய சர்வர் அந்தப் பிணத்தோடு நகல் பரிமாற முயன்று பிழைகளைக் குவிக்கும்.

மூன்றாவது, குரூப் பாலிசி கோப்புகள் இருக்கும் சிஸ்வால் ஃபோல்டர் எந்த முறையில் நகலாகிறது என்பது. 2003 காலத்தில் தொடங்கி, அடுத்தடுத்த பதிப்புகளுக்கு ஏற்றிக்கொண்டே வந்த டொமைன்களில் எஃப்ஆர்எஸ் என்ற பழைய முறை இன்னும் இருக்கக்கூடும். சர்வர் 2019லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் எஃப்ஆர்எஸ் கிடையாது. டிஎஃப்எஸ்ஆர்மிக் (dfsrmig) கட்டளையில் குளோபல் ஸ்டேட் என்ன என்று கேளுங்கள். 'எலிமினேட்டட்' என்று வந்தால் சரி. இல்லையென்றால் 'ப்ரிபேர்டு', 'ரீடைரக்டட்', 'எலிமினேட்டட்' என்ற மூன்று நிலைகளையும் ஒவ்வொன்றாகக் கடந்த பிறகே புதிய சர்வரைத் தொடலாம்.

டொமைன் ஃபங்ஷனல் லெவலையும், அதாவது டொமைன் எந்தப் பதிப்பின் நிலையில் இயங்குகிறது என்பதையும், பாருங்கள். 2022 சர்வருக்குக் குறைந்தது 2008 நிலை வேண்டும். 2025 சர்வர் என்றால் 2016 நிலை வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் (ஆக்டிவ் டைரக்டரியும் அடங்கிய பேக்கப்) ஒன்று எடுத்து, சர்வருக்கு வெளியே ஒரு டிஸ்கில் வையுங்கள். பழைய சர்வர் வர்ச்சுவல் மெஷினாக இருந்தால் ஸ்னாப்ஷாட் போதும் என்று விட்டுவிடாதீர்கள். டொமைன் கன்ட்ரோலரை ஸ்னாப்ஷாட்டிலிருந்து பின்னோக்கித் திருப்புவது இரு சர்வர்களுக்கும் இடையிலான நகல் பரிமாற்றக் கணக்கையே குழப்பிவிடக்கூடியது.

4. புதிய சர்வரைத் தயார் செய்தல்

வரிசை முக்கியம்: அப்டேட், பெயர், நிலையான ஐபி, டிஎன்எஸ், நேரம்.

பெயரை இப்போதே மாற்றிவிடுங்கள். டொமைன் கன்ட்ரோலராக ஆன பிறகும் மாற்ற வழி உண்டு. ஆனால் டிஎன்எஸ்ஸிலும் சான்றிதழ்களிலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஐபி முகவரி டிஎச்சிபி தரும் வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் யாரோ ஒருவரின் மடிக்கணினிக்கு அதே முகவரி போய்ச் சேரும்.

சர்வரில் இரண்டு நெட்வொர்க் போர்ட் இருந்தால், பயன்படுத்தாததை முடக்கிவிடுங்கள். இரண்டும் இயங்கினால் இரண்டு முகவரிகளும் டிஎன்எஸ்ஸில் பதிவாகும். பாதிக் கணினிகள் பதில் வராத முகவரியைத் தட்டிக்கொண்டிருக்கும். இது விட்டுவிட்டு வரும் கோளாறு என்பதால் பிடிப்பது கடினம்.

டிஎன்எஸ் கட்டத்தில் பழைய சர்வரின் முகவரியை மட்டும் போடுங்கள்: 192.168.1.10. இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடுங்கள். அங்கே 8.8.8.8 போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. கூகுளின் அந்த டிஎன்எஸ்ஸுக்கு உங்கள் உள் டொமைன் பெயர் தெரியாது. பழைய சர்வர் ஒரு நொடி தாமதித்தால் கேள்வி அங்கே போய், 'அப்படி ஒரு டொமைன் இல்லை' என்ற பதிலோடு திரும்பும்.

டொமைன் கன்ட்ரோலர் அல்லாத வேறொரு இயந்திரத்தின் இமேஜை அப்படியே நகலெடுத்துப் புதிய சர்வர் செய்வதாக இருந்தால் சிஸ்ப்ரெப் (நகலின் அடையாளத்தைப் புதுப்பிக்கும் கருவி) கட்டாயம். இல்லாவிட்டால் இரண்டுக்கும் ஒரே எஸ்ஐடி (பாதுகாப்பு அடையாள எண்) இருக்கும். டொமைனில் சேரும்போதே அடம்பிடிக்கலாம்.

5. டொமைனில் சாதாரண உறுப்பினராகச் சேர்த்தல்

விசார்டே இதையும் சேர்த்துச் செய்துவிடும் என்பதால் சிலர் இந்தப் படியை விட்டுவிடுவார்கள். நான் எப்போதும் தனியாகவே செய்யச் சொல்வேன். டிஎன்எஸ் தவறாக இருந்தாலோ, கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தாலோ இங்கேயே தெரிந்துவிடும். ப்ரமோஷன் பாதியில் நின்று தெரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

சேர்த்து ரீஸ்டார்ட் செய்ததும் டொமைன் கணக்கில் லாகின் செய்யுங்கள். லோக்கல் அட்மின் கணக்கில் இருந்தபடியே அடுத்த படிக்குப் போவது வழக்கமான தவறு.

6. ரோல் நிறுவுதல், ப்ரமோட் செய்தல்

சர்வர் மேனேஜரில் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் சர்வீசஸ் ரோலை நிறுவுங்கள். நிறுவியதும் மேலே ஒரு கொடி தோன்றும். அதில் 'ப்ரமோட் திஸ் சர்வர்' என்பதை அழுத்துங்கள்.

முதல் திரையில் மூன்று தேர்வுகள் வரும். இருக்கும் டொமைனில் இன்னொரு டொமைன் கன்ட்ரோலர் சேர்ப்பது என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் 'நியூ ஃபாரஸ்ட்' என்று கொடுத்துவிட்டால் தனி ராஜ்யம் ஒன்று உருவாகிவிடும்.

அடுத்த திரையில் டிஎன்எஸ் சர்வர், குளோபல் கேட்டலாக் இரண்டும் டிக் ஆகியிருக்க வேண்டும். 'ரீட் ஒன்லி' வேண்டாம். பிறகு டிஎஸ்ஆர்எம் பாஸ்வேர்டு கேட்கும். ஆக்டிவ் டைரக்டரியே எழுந்து வராத நாளில் உள்ளே போக இருக்கும் ஒரே சாவி அது. எழுதி, உறையிலிட்டு, அலுவலக லாக்கரில் வையுங்கள்.

டிஎன்எஸ் டெலிகேஷன் உருவாக்க முடியவில்லை என்று மஞ்சள் எச்சரிக்கை ஒன்று வரும். புதியவர்கள் பலரும் இங்கே நின்றுவிடுகிறார்கள். உள் டொமைனுக்கு மேலே தாய் ஸோன் எதுவும் இல்லாததால் வரும் செய்தி அது. தாண்டிச் செல்லலாம்.

ப்ரமோட் ஆனதும் அந்த சர்வரில் இருந்த லோக்கல் பயனர் கணக்குகள் இல்லாமல் போகும். அவற்றில் ஓடிக்கொண்டிருந்த சர்வீஸ்கள் நின்றுவிடும். ஏற்கெனவே பில்லிங் மென்பொருள் ஓடும் இயந்திரத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, ஆக்டிவ் டைரக்டரி டேட்டாபேஸ் இருக்கும் டிரைவில் எழுதும் கேஷை (டிஸ்கில் எழுதுவதை வேகப்படுத்தும் தற்காலிக நினைவகத்தை) விண்டோஸ் நிறுத்திவிட முயலும். அதே டிரைவில் உள்ள மற்ற மென்பொருள்கள் மந்தமாகும்.

7. சிஸ்வால் வந்து சேர்ந்ததா

ரீஸ்டார்ட் ஆனதும் லாகின் திரை வந்துவிட்டது என்பதால் சர்வர் தயார் என்று பொருளில்லை. குரூப் பாலிசி இருக்கும் சிஸ்வால் முழுதாக வந்து சேரும்வரை புதிய சர்வர் தன்னை டொமைன் கன்ட்ரோலராக அறிவிக்காது.

நெட் ஷேர் (net share) கட்டளையில் சிஸ்வால், லாகின் ஸ்கிரிப்டுகள் இருக்கும் நெட்லாகான் இரண்டும் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஈவன்ட் வியூவரில் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் பதிவில் 4604 என்ற எண் வந்திருந்தால் முதல் நகல் முடிந்துவிட்டது. தெரியவில்லை என்றால் பொறுங்கள். அந்த ஷேர்களைக் கையால் உருவாக்காதீர்கள். பெயர் இருக்கும், உள்ளே பாலிசி இருக்காது.

பிறகு ரெப்அட்மின் (repadmin) கட்டளையில் ரெப்ளிகேஷன், அதாவது நகல் பரிமாற்றம், பற்றிய சுருக்கத்தைக் கேளுங்கள். தோல்வி இரு பக்கமும் பூஜ்யமாக இருக்க வேண்டும். கையோடு ஒரு சோதனையும் செய்யுங்கள்: புதிய சர்வரில் ஒரு தற்காலிகப் பயனரை உருவாக்கி, பழையதில் தெரிகிறாரா என்று பாருங்கள். ஒரே இடத்தில் இருக்கும் சர்வர்கள் என்றால் ஏறக்குறைய 15 நொடியில் வந்துவிட வேண்டும்.

8. இரு சர்வர்களின் டிஎன்எஸ்ஸையும் குறுக்காக மாற்றுதல்

ஏழாவது படி சரியான பிறகே இதைத் தொடுங்கள். பழைய சர்வரில் முதல் டிஎன்எஸ் 192.168.1.11, இரண்டாவது 127.0.0.1. புதிய சர்வரில் முதல் டிஎன்எஸ் 192.168.1.10, இரண்டாவது 127.0.0.1.

ஏன் குறுக்காக? பூட் ஆகும்போது ஆக்டிவ் டைரக்டரிக்கு டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ்ஸுக்கோ தன் பதிவுகளைப் படிக்க ஆக்டிவ் டைரக்டரி வேண்டும். தன்னையே முதலில் கேட்கும் சர்வர் இந்தச் சுழலில் மாட்டி, நெட்வொர்க்கைப் 'பப்ளிக்' என்று தவறாக அடையாளம் கண்டு, ஃபயர்வாலை இறுக்கிக்கொள்வது உண்டு. பக்கத்து சர்வரை முதலில் கேட்டால் இது நேராது.

கரன்ட் போய் இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்தால் லாகின் திரை வரச் சில நிமிடங்கள் ஆகும். பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்தாதீர்கள். முடிந்தால் ஒன்றைச் சில நிமிடம் முன்பே இயக்குங்கள்.

ஃபார்வேர்டர்கள், அதாவது வெளி இணையப் பெயர்களுக்கு யாரைக் கேட்பது என்ற அமைப்பு, ஒரு சர்வரிலிருந்து மற்றதுக்கு நகலாகாது. பழையதில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் புதியதிலும் கையால் போடுங்கள். 8.8.8.8 போன்ற வெளி முகவரிகளுக்குச் சரியான இடம் இதுதான்.

9. கணினிகளுக்குப் புதிய சர்வரைத் தெரியப்படுத்துதல்

இந்தப் படி விடுபட்டால்தான் இரண்டாவது சர்வர் அலங்காரப் பொருளாக நிற்கிறது.

முதலில் உங்கள் அலுவலகத்தில் டிஎச்சிபி தருவது யார் என்று கண்டுபிடியுங்கள். சர்வர் தருவதாக நினைத்திருப்பீர்கள், ஃபைபர் ரவுட்டரும் தந்துகொண்டிருக்கும். ஏதாவது ஒரு கணினியில் ஐபிகான்ஃபிக் ஆல் (ipconfig /all) கட்டளையில் டிஎச்சிபி சர்வர் வரியைப் பாருங்கள். ரவுட்டர் என்றால் அதில் டிஎச்சிபியை அணைத்து, வேலையைச் சர்வருக்கு மாற்றுங்கள். ரவுட்டர் ஐபிவி6 வழியாகவும் தன்னையே டிஎன்எஸ்ஸாக அறிவிப்பதுண்டு. அதையும் ரவுட்டரிலேயே நிறுத்துங்கள். சர்வர்களில் ஐபிவி6ஐ முடக்க வேண்டாம்.

டிஎச்சிபி ஸ்கோப்பில், அதாவது அது தரும் முகவரி வரம்பின் அமைப்பில், டிஎன்எஸ் சர்வர்களைக் குறிக்கும் ஆப்ஷன் 006இல் இரண்டு சர்வர்களின் முகவரிகளையும் போடுங்கள். வேறு எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

பிறகு புதிய சர்வரிலும் டிஎச்சிபி ரோலை நிறுவி, ஆதரைஸ் செய்து, பழையதில் ஸ்கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ஃபெயில்ஓவரை (ஒன்று நின்றால் மற்றது முகவரி தரும் ஏற்பாட்டை) அமையுங்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. யாருக்கு எந்த முகவரி என்ற லீஸ் விவரம் தானாக மற்ற சர்வருக்குப் போகும். ஆப்ஷனையோ ரிசர்வேஷனையோ மாற்றினால் அது தானாகப் போகாது. ஒவ்வொரு முறையும் 'ரெப்ளிகேட் ஸ்கோப்' கொடுக்க வேண்டும்.

லீஸ் காலம் இயல்பாக 8 நாள். பாதிக் காலத்தில்தான் கணினி புதுப்பிக்கும். அதனால் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும் கணினிக்குப் புதிய டிஎன்எஸ் தெரிய 4 நாள்வரை ஆகலாம். எல்லாக் கணினிகளையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

கையால் ஐபி போட்ட கருவிகளை மறந்துவிடாதீர்கள்: நெட்வொர்க் பிரிண்டர், நாஸ் (நெட்வொர்க் சேமிப்புக் கருவி), பயோமெட்ரிக் வருகைப்பதிவு, விபிஎன்னுக்கு டொமைன் கணக்கைச் சரிபார்க்கும் ஃபயர்வால். கடைசியில் சொன்னதில் பழைய சர்வரின் முகவரி மட்டுமே பதிந்திருக்கும். இரண்டாவதையும் சேர்க்க வேண்டும். லாகின் ஸ்கிரிப்டுகளில் பழைய சர்வரின் பெயர் நேரடியாக எழுதப்பட்டிருந்தால், நெட்லாகானுக்கான இடங்களில் அதை டொமைன் பெயராக மாற்றுங்கள்.

10. நேரம்

டொமைனில் நேரத்தின் தலைமை பிடிசி எமுலேட்டர் பொறுப்பு (12ஆம் படியில் வரும் ஐந்து தனிப் பொறுப்புகளில் ஒன்று) உள்ள சர்வர், அதாவது இப்போதைக்குப் பழையது. அது மட்டும் சரியான நேரம் தரும் வெளி என்டிபி சர்வரைப் பார்க்க வேண்டும், மற்றவை அதைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வரோடு, அல்லது அவற்றோடு ஒத்திசைந்த ஒன்றோடு, நேரத்தை ஒத்திசைக்கச் சொல்கிறது.

ஹைப்பர்-வியில் (மைக்ரோசாஃப்டின் வர்ச்சுவல் மெஷின் தளத்தில்) ஓடும் டொமைன் கன்ட்ரோலருக்கு டைம் சிங்க்ரனைசேஷன் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது டொமைனை விட்டுவிட்டு ஹோஸ்ட்டின் கடிகாரத்தைப் பின்பற்றும்.

11. பழைய சர்வரை அணைத்துப் பார்த்தல்

ஞாயிற்றுக்கிழமை அல்லது அலுவலகம் மூடிய பின் இதைச் செய்யுங்கள். பழைய சர்வரை முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். கேபிளைப் பிடுங்க வேண்டாம்.

இப்போது ஒரு கணினியில் லாகின் செய்து பார்ப்பார்கள், லாகின் ஆகிவிடும், மகிழ்ந்து போவார்கள். அது ஏமாற்று. விண்டோஸ் கடைசியாக லாகின் செய்த 10 பேரின் விவரத்தைத் தன்னிடமே வைத்திருக்கும், எந்த சர்வரும் இல்லாமலே உள்ளே விடும். எனவே அந்தக் கணினியில் இதுவரை ஒருமுறைகூட லாகின் செய்யாத பயனரைக் கொண்டு சோதியுங்கள். ஏழாவது படியில் உருவாக்கிய தற்காலிகப் பயனர் இதற்குத் தோதானவர்.

உள்ளே போனதும் லாகான்சர்வர் (%logonserver%) மாறியில் புதிய சர்வரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபி முகவரியை விடுவித்துப் புதிதாகக் கேளுங்கள். குரூப் பாலிசியைப் புதுப்பிக்கும் ஜிபிஅப்டேட் கட்டளையைக் கட்டாயப்படுத்தி (gpupdate /force) ஓட்டுங்கள். ஒரு வெளி இணையதளத்தைத் திறங்கள். பாஸ்வேர்டு ஒன்றை மாற்றுங்கள். முதல் டிஎன்எஸ் பதில் தராததால் எல்லாமே சற்று மெதுவாக இருக்கும், அது இயல்பு.

எவையெல்லாம் வேலை செய்யவில்லை என்று எழுதி வையுங்கள்: ஷேர் டிரைவ், பழைய சர்வரில் பதிந்த பிரிண்டர், டேலி. உண்மையான விபத்தில் முதலாளி கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் அந்தத் தாளில்தான் இருக்கும்.

பழையதை மீண்டும் இயக்கி, ரெப்ளிகேஷன் சுருக்கத்தை மறுபடி பாருங்கள். தற்காலிகப் பயனரை அழியுங்கள்.

இதன் பிறகு மின்சாரம் மிச்சம் என்று புதிய சர்வரை அணைத்து வைக்கக் கூடாது. 60 நாளுக்கு மேல் தொடர்பில்லாமல் இருந்தால் சிஸ்வால் ரெப்ளிகேஷன் நின்றுவிடும். இயல்பான அமைப்பில் 180 நாள் தாண்டினால் அந்த சர்வரை டொமைனோடு மீண்டும் சேர்க்கவே கூடாது.

12. பழைய சர்வர் ஒருநாள் நிரந்தரமாகப் போனால்

அவசரப்படாதீர்கள். எஃப்எஸ்எம்ஓ எனப்படும் ஐந்து தனிப் பொறுப்புகளும் பழைய சர்வரில்தான் இருக்கும். அவை ஓரிரு நாள் இல்லாவிட்டாலும் லாகின் நடக்கும். புதிய கணக்குகள்கூட உருவாக்கலாம், ஏனெனில் ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரும் புதிய கணக்குகளுக்கான 500 அடையாள எண்கள் கொண்ட தொகுப்பை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும். சர்வர் பழுதாகித் திரும்பி வரும் என்றால் காத்திருங்கள்.

திரும்பாது என்று உறுதியானால் மட்டும் ஐந்து பொறுப்புகளையும் புதியதில் சீஸ் செய்யுங்கள், அதாவது வலுவில் எடுத்துக்கொள்ளச் செய்யுங்கள். செய்த பிறகு பழைய சர்வர் சரியாகிவிட்டாலும், ஃபார்மேட் செய்யாமல் நெட்வொர்க்கில் இணைக்கக் கூடாது. இரண்டு சர்வர்கள் ஒரே பொறுப்பைத் தன்னுடையது என்று நம்பிச் செயல்படத் தொடங்கினால் டேட்டாபேஸ் கெடும்.

பிறகு வரிசையாக: டொமைன் கன்ட்ரோலர்ஸ் பகுதியிலிருந்து பழைய பெயரை அழியுங்கள். புதிய சர்வரின் முதல் டிஎன்எஸ் கட்டத்தில் இருக்கும் பழைய முகவரியை எடுங்கள். ஆப்ஷன் 006ஐத் திருத்துங்கள். வெளி என்டிபி சர்வரைப் புதியதில் அமையுங்கள். டிஎச்சிபி ஃபெயில்ஓவரில் நிலையை 'பார்ட்னர் டவுன்' என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பழைய கூட்டாளி திரும்பி வரும் என்ற எண்ணத்தில், அதன் பங்கு முகவரிகளை யாருக்கும் தராமல் வைத்திருக்கும்.